நீல அலைகளின் ஒரே ரசிகர்

"இண்டையோட குழுவைக் கலைச்சுப் போடுவம், மூர்த்தி!"

சபாநாதன் கிற்றாரைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டார். உருத்திரமூர்த்திக்குத் திக்கென்றது.

'நீல அலைகள்' என்ன லேசுப்பட்ட குழுவா? அறுபத்தெட்டில் திருகோணமலையையே ஆட வைத்த பொப் இசைக் குழுவாக்கும்! நடு மைக் யாருக்கு என்று அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். அப்புறம் யுத்தம், படகு, மண்டபம் அகதி முகாம். மிஞ்சிய இரண்டு பேரும் இந்த வயதில் மறுபடி ஒன்று சேர்ந்தால், முகாமில் யார் கேட்கிறார்கள்? "பிள்ளையள் படிக்கவேணும், தாத்தா" என்று விரட்டிவிட்டார்கள்.

"ஒரு ரசிகனாவது இருக்கோணுமேடா!" என்றார் சபாநாதன்.

"ஏன் இல்லை? தங்கப்பாண்டித் தம்பி இருக்கிறார். அவருக்கும் பிடிக்கேல்லையெண்டா நானே கலைக்கிறன். சரியோ?"

உண்மைதான். உச்சிப்புளி தங்கப்பாண்டி மட்டும் இல்லாவிட்டால் குழு என்றைக்கோ படுத்திருக்கும். ஒத்திகைக்குத் தன் நெல்வயலையே கொடுத்தார். விடியலிலும் சாயங்காலமும் ஆட்டோ அனுப்புவார். ஸ்பீக்கர், டீ, சுடச்சுட உளுந்த வடை வேறு. ஒருநாள் மூர்த்திக்குத் தொண்டை கட்டியதும் மனுஷன் பதறிப்போய், கற்பூரவள்ளிக் கஷாயத்தோடு முகாமுக்கே ஓடி வந்துவிட்டார். இப்படி ஒரு ரசிகன் யாருக்கு வாய்ப்பான்!

இதோ, வடைத் தூக்கோடு அவரே வந்துவிட்டார்.

"என்னய்யா, சும்மா உக்காந்துட்டீக? அந்த ஊ...ஊன்னு உச்சத்துல கத்துவீகளே, அதைப் பாடுங்க!" என்றபடி ஸ்பீக்கரை வயல் பக்கம் திருப்பி வைத்தார்.

மூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரைக் கொடுத்துப் பாடினார். சபாநாதனும் வேண்டாவெறுப்பாக வாசித்தார்.

பாட்டு முடியும் முன்னே, பக்கத்துக் கடலைக்கொல்லைக்காரர் மூக்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அய்யா, நாளையிலருந்து என் கொல்லையிலயும் வந்து பாடணும். மாட்டேன்னு மட்டும் சொல்லிறாதீக!"

"ஒண்டு ரெண்டாச்சு, பாத்தியோ!" மூர்த்தி சபாநாதனின் முதுகில் ஓங்கித் தட்டினார். "நீங்களும் எங்கட ரசிகரோ, தம்பி?"

"ரசிகனா? நீங்க இங்கன பாட ஆரம்பிச்சதுலருந்து, இவன் நெல்லுல மேஞ்ச மயிலு அம்புட்டும் தெறிச்சு ஓடியாந்து என் கடலையிலல்ல கெடக்கு!"

தங்கப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். மூர்த்தி மைக்கை அணைத்தார். சபாநாதன்தான் கிற்றாரை இறுக்கி மாட்டிக்கொண்டு, மூக்கையாவிடம் கேட்டார்:

"அங்கையும் வடை தருவீங்களோ, தம்பி?"