தண்ணீர்த் தொட்டி வரைக்கும்

“நான் எறிஞ்ச ஈட்டி மைதானத்தைத் தாண்டி, காம்பவுண்டு சுவரைத் தாண்டி, பக்கத்துத் தெரு தண்ணித் தொட்டியில போய்க் குத்தி நின்னுச்சு டாக்டர்! தெருவே குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துச்சு. அப்ப எனக்குப் பதினாலு வயசு!”

சொன்னவரை மைதானத்தில் எல்லோரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். முழுக்கைச் சட்டை, பேன்ட் பாக்கெட்டுக்குள் ஸ்டைலாக வலது கை, இடது கையில் காபிக் கோப்பை. மீசைதான் முதலில் அறைக்குள் வந்தது. அரை நிமிடம் கழித்துத்தான் அவர் வந்தார். அந்தக் குரலுக்குச் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படமே விறைப்பாக நின்றது.

எதிரே இருந்த டாக்டரம்மா எலும்பு மருத்துவர். ஈட்டி, பந்து, குண்டு என்று எறிகிற பிள்ளைகளுக்குக் கை ஏன் கெடுகிறது, கெடாமல் எப்படிக் காப்பது என்று ஆராய்ச்சி செய்பவர். ராக்கெட்டின் மகள் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பதினாலு வயதுதான். பயிற்சி கொடுப்பவரும் அப்பாதான்.

“உட்பக்கம் வீங்கியிருக்கு சார். எலும்பு இன்னும் வளர்ந்து முடியல. ஒவ்வொரு எறியும் வளர்ற இடத்தையே இழுத்து இழுத்துப் பிய்க்குது. இந்த சீசன் முழுக்க ஈட்டியைத் தொடக் கூடாது.”

“ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன் டாக்டர்! இவ வயசுல நான் விடிஞ்சதுலேருந்து இருட்டற வரைக்கும் எறிஞ்சேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? குத்துக்கல்லாட்டம் நிக்கறேன் பாருங்க. வலியெல்லாம் சோம்பேறிங்களுக்கு வர்ற வியாதி!”

மகளுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. “அவர் எறிஞ்சதே இல்ல டாக்டர். போன வருஷம் சொல்லும்போது அந்தத் தொட்டி மைதானத்துக்குள்ளதான் இருந்துச்சு. வருஷா வருஷம் நகருது.”

“ஏய், வாயை மூடு.”

“சீப்பு, ஸ்பூன், ஷேவிங், கையெழுத்து, எல்லாம் இடது கை. ஈட்டியை மட்டும் வலது கையால எறிஞ்சாராம்! ஒரு போட்டோ கிடையாது. எனக்கு ஒரு தடவை எறிஞ்சு காட்டினதும் கிடையாது. விசில் மட்டும் நல்லா ஊதுவாரு.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அப்ப நல்லதாப் போச்சு. ஒப்பிட்டுப் பார்க்க, சின்ன வயசுல எறியாத பெரியவங்க கையும் எங்க ஆராய்ச்சிக்கு வேணும். உங்க கையைப் பார்த்துக்கலாமா சார்?”

மீசை துடித்தது. “எறியாதவனா? நானா? எறிஞ்சவங்க பக்கம் சேருங்க டாக்டர்!”

“சேர்த்துட்டாப் போச்சு. சின்ன வயசுல நிறைய எறிஞ்சா, எறியற கையோட மேல் எலும்பு பின்பக்கமா முறுக்கினாப்ல வளர்ந்து அப்படியே நின்னுடும். கிழவனானாலும் மாறாது. ரெண்டு கையையும் ஸ்கேன்ல பார்த்தா தெரிஞ்சிடும்.”

“மாட்டினீங்களாப்பா!” என்று கை தட்டப் போன மகள், முழங்கை வலித்து ‘ஸ்ஸ்’ என்றாள்.

ராக்கெட் வீம்போடு இடது கையாலேயே பொத்தான்களைக் கழற்றினார். டாக்டரம்மா முதலில் இடது தோளில் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு வலது. திரையைப் பார்த்தவர், கருவியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

“முறுக்கியிருக்கு. வலது கை. நான் பார்த்ததிலேயே பெரிய முறுக்கு சார் இது!”

ராக்கெட் கூரையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்தார். “கேட்டுக்க பாப்பா! காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டுக்க!”

“இப்ப கையை நீட்டுங்க சார்.”

இடது கை நீண்டது.

“வலதையும்.”

வலது கை பாதியிலேயே நின்றது. டாக்டரம்மா மெல்ல இழுத்துப் பார்த்தார். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு நறநறப்பு. அதற்கு மேல் வரவில்லை. மடக்கிப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

“இந்தக் கையால ஒரு காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. அதான் எல்லாத்துக்கும் இடது கை, இல்லையா சார்?” டாக்டரம்மாவின் விரல் அவர் முழங்கையின் உட்பக்கத்தைத் தொட்டது. “எறிஞ்சு எறிஞ்சு கெட ஆரம்பிச்சது இங்கதான். பாப்பாவுக்கு வீங்கியிருக்கே, அதே இடம்.”

மகளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ராக்கெட் சட்டையை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். மீசை தொங்கிவிட்டது. “அது... மாடிப்படியில விழுந்தது டாக்டர். நான் ஈட்டியைத் தொட்டதே இல்ல. சும்மா கதை விட்டேன். இவ சொன்னதுதான் நிஜம்.”

“விழுந்தா எலும்பு முறியும் சார். முறுக்கிக்காது.”

“சத்தியமாச் சொல்றேன்! ஈட்டியும் இல்ல, தொட்டியும் இல்ல. என் கையை வச்சு இவளைப் பயமுறுத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் எறியட்டும், அது போதும்.” ஊரையே நம்பவைக்கத் தொண்டை கிழியக் கத்திய அதே வாய், இப்போது நம்பாதீர்கள் என்று கெஞ்சியது.

டாக்டரம்மா மகள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. ஞாயித்துக்கிழமை எறியறியா?”

அவள் கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். பாதியில் நின்ற அந்தக் கையை மெதுவாகச் சட்டைக்குள் நுழைத்தாள். பொத்தான்களையும் அவளே போட்டுவிட்டாள். அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“அவர் எறிஞ்சிருக்காரு டாக்டர். தண்ணித் தொட்டி வரைக்கும் எறிஞ்சிருக்காரு.”