கூண்டில் சொன்ன சொல்

“அறியாமல் செய்துவிட்டாராம், மன்னிக்கும்படி கேட்கிறார்” என்று மொழிபெயர்ப்பாளர், வெள்ளைக்கார நீதிபதி துரையிடம் அவருடைய மொழியில் சொன்னார்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற துறைமுக மேஸ்திரி உண்மையில் சொன்னதோ வேறு: “உங்க கொடியை இறக்கினது நான்தான். மறுபடி ஏத்தினா மறுபடி இறக்குவேன்.”

துரைக்கு மக்களின் மொழி ஒரு வார்த்தையும் தெரியாது. ஊராரையோ வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் மேஸ்திரிக்குப் பத்தாண்டுச் சிறை. அவர் மனைவிக்கு இது நிறைமாதம். அந்த எண்ணத்தில்தான் மொழிபெயர்ப்பாளரின் நாக்கு புரண்டது.

துரை பேனாவை வைத்துவிட்டு, விடுதலை என்று தம் மொழியில் முணுமுணுத்தார். கம்பியை இறுகப் பற்றியிருந்த மேஸ்திரியின் விரல்கள் தளர்ந்தன. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உங்களை விட்டுட்டாங்க” என்றார்.

வாசலில் மேஸ்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

“எங்க ஆளைப் பார்த்து துரைக்கே உதறல் எடுத்துடுச்சுப்பா!”

“பின்னே? இவரு போடற அதட்டல்ல கப்பலே ஒரு அடி பின்னால போகுமே!”

ஓரமாக நழுவிய மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சிரிப்பு முள்ளாய்த் தைத்தது. மன்னிப்புக் கேட்டு விடுதலையானவர்களின் பெயரைத் துறைமுகச் சுவரில் ஒட்டுவது அரசாங்கத்தின் வழக்கம். நாளைக் காலையில் இதே தோள்கள் மேஸ்திரியைக் கீழே போட்டுவிடும். பிறக்கப்போகும் பிள்ளையையும் ‘மன்னிப்புக்காரன் பிள்ளை’ என்பார்கள்.

அன்று மாலையே மேஸ்திரியின் வீட்டுக்குப் போனார். மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

“உயிரைக் காப்பாத்தறதா நினைச்சு உங்க மானத்தை வாங்கிட்டேன், தம்பி. நீங்க மன்னிப்பே கேட்கலை, நான்தான் பொய் சொன்னேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும், என்னை ஜெயில்ல போட்டாலும் போடட்டும்.”

மேஸ்திரி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பியபோது அவரால் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இந்தப் பழியை நீங்க சுமக்காதீங்க, ஐயா. பதினஞ்சு வருஷமா அவங்க கப்பல்லதான் எனக்கு வேலை.”

தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க சொன்னது அப்பவே எனக்குப் புரிஞ்சுது.”