பொட்டாசியம் போன வாசல்

ஒரு இதயத்தின் செல்லுக்குள்ளே பொட்டாசியம் என்ற அயனி குடியிருந்தது. உடம்பு கொஞ்சம் பெருசு. அதற்கு மேல் எந்நேரமும் தண்ணீரைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு, "இளைக்கணும், இளைக்கணும்" என்று புலம்பும்.

ஒருநாள் வெளியிலிருந்து சோடியம் திமுதிமுவென்று உள்ளே புகுந்ததும் இதயம் இறுகியது. இனி பொட்டாசியம் வெளியேறினால்தான் அது தளரும். தளர்ந்தால்தான் அடுத்த துடிப்பு. செல்லின் சுவரில் வாசல் திறந்தது. ஐயோ, எவ்வளவு குறுகல்!

"தள்ளு. ஒல்லி நான்தானே, நான் போறேன்" என்றது சோடியம்.

"யாரா இருந்தாலும் போர்வையைக் கழட்டிட்டு வாங்க. போர்வைக்குப் பதிலா என் சுவர் தாங்கிக்கும்" என்றது வாசல்.

சோடியம் தன் தண்ணீர்ப் போர்வையைக் கழற்றிவிட்டு நுழைந்து பார்த்தது. அந்த ஒல்லி உடம்புக்கு இந்தப் பக்கச் சுவரைப் பிடித்தால் அந்தப் பக்கம் எட்டவில்லை. "போர்வை இல்லாம நான் மாட்டேம்ப்பா!" என்று பின்வாங்கியது.

பொட்டாசியம் கண்ணை மூடிக்கொண்டு போர்வையை உதறியது. அடடா! அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி சுவர் நாலு பக்கமும் அதை அணைத்துக்கொண்டது. பின்னாலிருந்து இன்னொரு பொட்டாசியம் முட்ட, வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. அங்கே புதுத் தண்ணீர் ஓடிவந்து போர்த்தியது.

இதயம் சுகமாகத் தளர்ந்தது.

பொட்டாசியம் திரும்பிப் பார்த்துக் கூவியது: "நல்லவேளை, நான் இளைக்கலை!"