குடிலில் சிப்பாய்கள்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கோயில் குடிலைப் பார்வையிட வந்த கமிட்டித் தலைவர் ஆர்தருக்கு வந்ததே கோபம்.

மாதா, சூசையப்பர், ஆடு மாடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் அவர்களைச் சுற்றிலும் பாசி மேட்டில் கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள். கைகளில் துப்பாக்கி. அத்தனையும் குழந்தை ஏசுவுக்கான காலித் தொட்டிலைப் பார்த்து நீட்டியபடி.

யார் செய்த வேலை என்று விசாரிக்கவே வேண்டாம். பிரெட்ரிக்தான்.

டீ பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டுத் தோட்டத்து ரோஜா, மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவது, பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குப் பெயின்ட் அடிப்பது, இவைதான் அவருக்கு உலகம். வருஷா வருஷம் குடில் வைப்பதும் அவர்தான். கோயிலில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு வேலை.

"இனிமே அதுவும் கெடையாது," என்றார் ஆர்தர். பிரெட்ரிக்குக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னார்.

ஆர்தரோடு வந்திருந்த அவர் மனைவி தெரசம்மாளுக்கு வேறு கவலை. இந்த மலைக் குளிரில் மனுஷன் வெறும் சட்டையோடு நிற்கிறாரே, பின்னிக் கொடுத்த சுவெட்டர் எங்கே என்று கேட்டாள். ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"அது அரிக்குது. எங்கயோ வச்சிட்டேன்."

ஒரு மாதமாக இதே பதில்தான். பழுப்பு நூல் பாதியில் தீர்ந்துபோய், நெஞ்சுக்குக் குறுக்கே மட்டும் மஞ்சளைப் போட்டுச் சமாளித்திருந்தாள். அது பிடிக்காமல்தான் சாக்குச் சொல்கிறார் என்று அவளுக்கு உள்ளூர வருத்தம்.

அதற்குள் ஆர்தருக்கு ஒரு போன். மலை மேல் கோலா தெர்லாவில் இருக்கும் தன் வீட்டு மாடியை டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறார். "ரூம் இருக்கு லா, வாங்க. வியூ இப்ப ரொம்பக் கிளியர். முன்னாடி ஒண்ணும் மறைக்காது," என்று தேனாகப் பேசினார்.

பிரெட்ரிக் வந்தார். ஒரு கையில் கூடை நிறைய ரோஜா, குடிலுக்காகப் பறித்தது. நகக்கண்ணில் இன்னும் பெயின்ட் காயவில்லை.

"ஏசு பொறக்குற எடத்துல துப்பாக்கி எதுக்குண்ணே? வெளையாட்டுச் சாமான் வைக்கிற எடமா இது?"

"பார்த்தத வச்சேன், தம்பி."

போன மாதம் குடிலுக்குப் பாசி எடுக்க கோலா தெர்லா மலைக்குப் போயிருக்கிறார். மேலே நின்று பாசி உரித்துக்கொண்டிருந்தபோது கீழே, ஆர்தர் வீட்டுக்கு எதிர்ச்சரிவில், லோரி வந்து நின்றிருக்கிறது. சீருடைக்காரர்கள் இறங்கி, அங்கிருந்த பலகை வீட்டைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் இருந்தவள் யூலியானா. கடல் தாண்டி புளோரஸ் தீவிலிருந்து வந்து தேயிலைக் கொழுந்து பறித்தவள். வேலை பெர்மிட் இல்லை. பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் போய்விடுவாள். அவளையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனதும், மறுநாளே அந்தப் பலகை வீட்டைப் பிரித்துப் போட்டதும் ஊருக்கே தெரியும். யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள் என்றும் பேச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகக் குரல் தழுதழுக்க ஜெபம் சொன்னவரே ஆர்தர்தான்.

"பாவந்தான், யாரு இல்லேன்னா? அதுக்காகக் கோயிலுக்குள்ள கொண்டாந்து வைக்கிறதா? எல்லாத்தையும் எடுங்க. இனிமே குடில் பக்கமே வராதீங்க."

பிரெட்ரிக்கின் முகம் செத்துப்போனது. அவர் சண்டை போடத் தெரியாதவர். ரோஜாக்களைத் தரையில் கொட்டிவிட்டு, காலிக் கூடையோடு சிப்பாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எடுத்துடறேன். அவளும் புள்ளையும் இன்னும் தடுப்பு முகாம்லதான் இருக்காங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன். யாராச்சும் அவங்களப் பத்திக் கேட்கட்டும்னுதான் வச்சேன். ஒருத்தரும் கேட்கல."

தெரசம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. முட்டி போட்டு அவளும் சிப்பாய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். எல்லாருக்கும் முன்னால் நின்றதை எடுத்தவள், அதைப் போடாமல் பார்த்தாள். அதற்குத் தொப்பி இல்லை, துப்பாக்கி இல்லை, சீருடையும் இல்லை. ஒரு கை மட்டும் குடிலை நோக்கி நீண்டிருந்தது. கண் மூக்கு எதுவும் இல்லாமல் முகம் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு மட்டும் ஏண்ணே மூஞ்சி வரையல?"

"மேலேருந்து மூஞ்சி தெரியலம்மா. லோரிக்கு முன்னாடி நடந்து வந்து, வீட்டக் கை காட்டிட்டுப் போன ஆளு அது. கலரு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சத மட்டும் அடிச்சேன்."

"என்ன கதை கேட்டுக்கிட்டு? கூடையில போடு," என்றார் ஆர்தர்.

தெரசம்மாள் போடவில்லை. எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழுப்பு உடம்பு. நெஞ்சுக்குக் குறுக்கே மட்டும் ஒரு மஞ்சள் பட்டை.

பிறகு அந்தப் பொம்மையை எடுத்த இடத்திலேயே, குடிலுக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அந்த சுவெட்டர் ஏன் அரிக்குதுன்னு இப்பத் தெரியுதுங்க."