திரையில் வந்தவர்

பங்களாதேஷில் இப்போது கைதிகளை நேரில் பார்க்க விடுவதில்லை, திரையில்தான் காட்டுகிறார்கள். குல்னா சணல் ஆலையில் தறி ஓட்டி, பிறகு எம்.பி. ஆன மோர்தஜா மீது ஏகப்பட்ட வழக்குகள். ஒரு வழக்கில் மகன் துஹினையும் போலீஸ் தேடியது.

"துஹின் எங்க இருக்கான், சுஃபியா?" திரையில் வந்த மோர்தஜா இன்றும் முதலில் அதையே கேட்டார்.

சுஃபியாவுக்கு உறுத்தியது. மகன் தலைமறைவானபோது, "எங்கிட்ட சொல்லாத. தெரியாம இருந்தாத்தான் அடிச்சாலும் வாயில வராது" என்றவர் அவள் புருஷன்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற காவலருக்கே கேட்காதபடி முணுமுணுத்தாள்: "முட்டி வலி தாங்கல, துஹின் அப்பா."

"டாக்டரைப் போய்ப் பாரேன்" என்றார் அவர், உடனே.

தறி இரைச்சலில் இரண்டு காதும் போனவர் மோர்தஜா. வீட்டில் அவள் கத்தினாலும், உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். மேடையில் அவர் பேசினாரே தவிர, யார் சொன்னதையும் கேட்டதில்லை. அந்த மேடைப் பேச்சுகளை வைத்து, திரையில் இருக்கும் இவரைக் கம்ப்யூட்டரில் செய்தவர்களுக்கு அது தெரியவில்லை.

அப்படியானால் அவர் எங்கே? கேட்டால் தன்னையும் பிடிப்பார்கள், பிறகு துஹினையும். முந்தானையை எடுத்துவிட்டு, எப்போதும்போலக் கத்தினாள்: "துஹின் மலேசியாவுக்குப் போயிட்டான்! பத்திரமா இருக்கான்!"

காவலர் காதைப் பொத்தினார். "ஏம்மா, மெதுவாத்தான் பேசேன்!"

"வீட்டுப் பழக்கம், சார்."

வெளியே வரும்போது, புருஷனுக்கென்று கொண்டுவந்த மீன் குழம்பை வழக்கம்போல நீட்டினாள்.

"குடுத்துடுறேன்" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார் காவலர்.