ராசுவின் இதயம்

ராசு இறந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. பிரேதப் பரிசோதனையை முடித்துவிட்டு வெளியே வந்த டாக்டர் கமலவல்லியை விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் சவரியப்பன் மறித்தார்.

“அடிச்சதுலதான் செத்தான்னு எழுதிட்டீங்களா டாக்டரம்மா?”

“உடம்புல அடிபட்ட காயமே இல்லீங்க.”

“கூலி கூட்டிக் கேட்டு நாங்க அறுப்பை நிறுத்தியிருந்தோம். வெளியூர் ஆளை இறக்கிக் கதிர் அறுக்கிறாங்கன்னு கேட்டு ராசு வரப்புல ஓடினான். எதிர்ல பண்ணைக் காரியக்காரன் அமிர்தலிங்கம் கம்போட நின்னான். ராசு விழுந்தான். இதுக்கு மேல என்ன வேணும்?”

“கம்பு அவர் மேல படலைங்க. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற இடது குழாய் அவருக்குப் பிறவியிலேயே இடம் மாறி, வலது பக்கம் கிளம்பியிருக்கு. ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல போகுது. வேகமா ஓடுறப்ப அது நசுங்கி இதயம் நின்னுருக்கு.”

“நெல்லுக்கட்டை ரெண்டு ரெண்டாத் தூக்கினவன்மா. ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சதில்லை.”

“சில பேருக்குச் சாகிற வரைக்கும் தெரியாது.”

சவரியப்பன் சிரித்தார். “பண்ணை வீட்டுல நல்லா சொல்லிக்கொடுத்திருக்காங்க. தூக்குக்குப் போக வேண்டியவனைக் காப்பாத்துறீங்களே, அந்த அமிர்தலிங்கம் உங்களுக்கு என்ன உறவு?”

கமலவல்லி ஈரக் கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

“எங்கப்பாவும் கூலி கேட்டு வயல்ல விழுந்தவர்தாங்க. மண்டை உடைஞ்சிருந்துச்சு. நான் பார்த்தேன். அன்னைக்கு வந்த டாக்டர் நெஞ்சுவலின்னு எழுதிட்டுப் போயிட்டார். கேஸே இல்லாமப் போச்சு.”

சவரியப்பனின் குரல் இறங்கியது. “யாரும்மா அடிச்சது?”

“அமிர்தலிங்கம்.”