எட்டும் நாலும்

"எட்டும் நாலும் எத்தனை? சீக்கிரம் சொல்லு சாமி, மேடம் கார் வந்துரும்!"

அக்ஷரா வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் வாய். மற்ற நேரங்களில் அதை யாரும் மூடிப் பார்த்ததில்லை.

நல்லூரில் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. இரண்டுக்கும் முதலாளி மகுடேஸ்வரன். மேல்மாடியில் அது அவருடைய நம்பிக்கை மட்டுமே.

ஜெர்மனிக்காரர்கள் ஆர்டர் தருமுன் கம்பெனியைச் சோதிக்க, பெங்களூரிலிருந்து சித்ரகலா மேடத்தை அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாட்களாகத் தீயணைப்புக் கருவி முதல் கழிவறைத் தாழ்ப்பாள் வரை பார்த்துவிட்டார். இன்று கையெழுத்து. விழுந்தால் மூன்று வருட ஆர்டர். விழாவிட்டால், புதிதாக இறக்கிய மெஷின்களுக்கு வருடம் ஒருமுறை ஆயுதபூஜை மட்டும் நடக்கும்.

கையெழுத்துக்கு முன் வீட்டில் ஒரு காபி என்று அழைத்திருந்தார் மகுடேஸ்வரன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என் பொண்ணு கணக்குல புலிங்க மேடம். எல்லாம் என்னோட ட்ரெயினிங்!"

"அப்படியா? அவசியம் பார்க்கணும் சார்" என்றுவிட்டார் மேடம்.

அரை மணி நேரமாகப் புலிக்குப் பயிற்சி நடக்கிறது. மேசையில் டி-ஷர்ட் பட்டன்கள்.

"மூணும் ரெண்டும்?"

"அஞ்சுங்கப்பா."

"ஆறும் மூணும்?"

"ஒம்பது!"

"அப்படிப் போடு! எட்டும் நாலும்?"

அக்ஷரா பட்டன்களைப் பார்த்தாள்.

"எண்ணிப் பாரு கண்ணு."

விரலால் ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிப் பட்டனையும் தொட்டாள். அப்புறம் மெதுவாக, "எட்டு."

"எட்டா? அப்ப இந்த நாலு பட்டன் எங்க போச்சு, எலி தின்னுபோடுச்சா?"

சமையலறையிலிருந்து மனைவி அனுப்பிரியாவின் குரல் வந்தது. "ஏனுங்க, ஊர்ல வேற கணக்கே இல்லீங்களா? அந்த எட்டை உட்டுப்போடுங்க."

"உடறதா? கீழ நூத்தியிருபது பேருக்கு அரை நாள்ல சொல்லிக்குடுத்து, ஒருத்தரும் பிசகாம ஒப்பிக்க வெச்சவன் நானு. எம்புள்ளைக்கு நாலைக் கூட்டச் சொல்லித்தர முடியாதா?"

"அவங்களுக்குச் சம்பளம் தர்றீங்க. இவளுக்கு என்ன தர்றீங்க?"

நியாயமாகப் பட்டது. "அக்ஷரா, பன்னெண்டுன்னு ஒருவாட்டி சொல்லு. புது சைக்கிள்! இன்னிக்கே!"

குழந்தையின் கண்கள் பளிச்சென்று விரிந்தன. உதடு பிரிந்தது. 'ப' வரை வந்தது. பிறகு மறுபடி மூடிக்கொண்டது.

"சைக்கிள் வேண்டாங்கப்பா."

வாசலில் கார் ஹாரன். மகுடேஸ்வரன் நான்கு படிக்கு ஒரு படியாக இறங்கி, மேடத்தை அழைத்து வந்தார். காபி வந்தது. முறுக்கு வந்தது. மடியில் ஃபைல் விரிந்தது.

"எல்லாம் திருப்தி சார். முக்கியமா உங்க ஆளுங்க. யாரைக் கேட்டாலும் யோசிக்காம ஒரே பதில்!" மேடம் பேனாவைத் திறந்தார்.

அந்த இரண்டு நொடி சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம ட்ரெயினிங் அப்படிங்க மேடம்! கண்ணு, ஆறும் மூணும்?"

"ஒம்பது!"

"பார்த்தீங்களா! நீங்களே ஒண்ணு கேளுங்க, பெருசாவே கேளுங்க!"

மேடம் சிரித்தபடி மேசையைப் பார்த்தார். பட்டன்கள் அப்படியே கிடந்தன. "இங்கே எட்டு, அங்கே நாலு. மொத்தம் எத்தனை பாப்பா?"

அக்ஷரா அப்பாவைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்று, "எட்டுங்க!" என்றாள்.

"ஹஹ்ஹா! கூச்சமுங்க மேடம், புது ஆளுகளைப் பார்த்தா இப்படித்தான்..."

மேடம் குழந்தையை அருகில் இழுத்துக்கொண்டார். "எண்ணிப் பாரேன். பன்னெண்டு வரலை?"

அக்ஷரா அவர் காதில் ரகசியம் சொன்னாள். குழந்தைகளின் ரகசியம் அடுத்த தெருவரை கேட்கும்.

"வருதுங்க ஆன்ட்டி. ஆனா சொல்லக் கூடாதுங்க. அப்பா கம்பெனியில எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, 'எட்டு மணி நேரம் வேலை, அதுக்கு மேல நாலு மணி நேரம், மேடம் கேட்டா மொத்தம் எத்தனை?'ன்னு கேட்டாங்க. அத்தனை பேரும் எட்டுன்னு சொன்னாங்க. பன்னெண்டுன்னு சொன்ன வேல்விழி அக்காவ மட்டும் வேலையை விட்டே அனுப்பிட்டாங்க."